அளாப்பலும் அகப்படுதலும்

கடந்த ஆண்டு ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், இடைவேளை மணி அடித்து ஏனைய பிள்ளைகள் எல்லோரும் சிற்றுண்டி மேசையை நோக்கி ஓடிய பின்னரும், மாணவன் ஒருவன் எமது மேசையருகே தயங்கி நின்றான். வயது 13. என்ன வேண்டும் என்று வினவியபோது, "சேர், கேம் விளையாடேக்க சீற் பாவிச்சால் எப்பிடிக் கண்டுபிடிப்பினம்?" என்றான். இணையவழி விளையாட்டுகளில் ஏமாற்று மென்பொருளைப் பாவிப்போர் எவ்வாறு இனங்காணப்படுகின்றனர் என்பதே கேள்வி என்று நாம் விளங்கிக்கொண்டோம். அவ்விடயத்தில் நாம் அரிவரியும் அறியாதவர். ஆயினும் ஆசிரியர் என்ற மிடுக்கிலே, களவு என்றோ ஒரு நாள் வெளிப்பட்டே தீரும் என்று கூறி, அவனைச் சாப்பிட அனுப்பிவைத்தோம்.

அம்மறுமொழி எத்துணைப் பயனற்றது என்பதை உணர எமக்கு ஒரு கிழமை சென்றது. அக்கதையைப் பின்னர் கூறுவோம். அதன் பின்னரே இவ்விடயத்தைக் கற்கத் தொடங்கினோம். கற்பித்தவர்கள், இப்பாடசாலையில் ஒரு காலத்தில் தமிழ் படித்து இன்று இந்நகரிலேயே கணினித் துறையில் பணிபுரியும் பழைய மாணவர் இருவர். மாணவரிடம் பாடங் கேட்பதிலும் ஓர் இன்பம் உண்டு.

விளையாட்டில் ஏமாற்றுவதற்கு எமது ஊரில் 'அளாப்புதல்' என்ற அருமையான சொல் ஒன்று உண்டு. பொய், களவு, வஞ்சகம் ஆகிய பெருஞ்சொற்களைச் சுமத்தாது, விளையாட்டுக்குள் நிகழும் குற்றத்துக்கென்றே அமைந்த சொல் அது. மாலை வேளைகளிற் கிளித்தட்டு மறிக்கும்போது, அடி பட்டதா படவில்லையா என்று எழாத சச்சரவு இல்லை. மத்தியஸ்தர் என்று எவரும் இருந்ததில்லை. ஆனால் இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து அளாப்பியவனை, அடுத்த நாட் கட்சி பிரிக்கும்போது எவரும் தம் பக்கம் எடுக்கமாட்டார்கள். அவன் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவான். ஒரு கிழமைக்குள் எவரோ இரங்கி அவனை மீண்டும் சேர்த்துக்கொள்வதும் உண்டு. தண்டனை வழங்கியவர்களும் மன்னித்தவர்களும் அவனை அறிந்தவர்களே.

இன்று எமது பிள்ளைகளின் முற்றம் திரைக்குள் இருக்கின்றது. "வீணான விளையாட்டு, தடை செய்தால் நல்லது தானே" என்று பெற்றார் பலர் எம்மிடம் கூறியிருக்கின்றனர். அக்கருத்துடன் நாம் உடன்படவில்லை. மழையும் இருளும் நிறைந்த இந்நாட்டு மாலைகளில், பள்ளித் தோழரோடு அவர்கள் கூடும் இடம் அதுவே. அவ்விடத்தை அற்பம் என்று நாம் தள்ளினால், அங்கு நிகழும் நன்மை தீமைகளை எம்மிடம் எவ்வாறு கூறுவர்?

ஏமாற்று மென்பொருள்கள் பலவகைப்படும். எதிரியின் மீது துப்பாக்கிக் குறியைத் தானாகவே நிறுத்துவதை எய்ம்பொட் என்பர். சுவருக்கு அப்பால் ஒளிந்திருப்பவரைக் காட்டிக் கொடுப்பது வோல்ஹக். இவற்றைப் பிடிக்கும் வழிகளும் பொதுவாக இரண்டு. ஒன்று, விளையாடுபவரின் கணினிக்குள்ளேயே காவலாளி ஒருவரை இருத்துவது. கவுண்டர் ஸ்ரைக் விளையாட்டை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் 'வாக்' என்னும் காவல் மென்பொருள் 2002 ஆம் ஆண்டு முதல் இப்பணியைச் செய்து வருகின்றது. 2020 இல் வெளிவந்த வலரன்ற் விளையாட்டின் காவலாளியாகிய 'வான்கார்ட்' இன்னும் ஒரு படி மேலே சென்று, கணினி விழித்தெழும்போதே தானும் எழுந்து, அதன் அடித்தளத்தில் அமர்ந்துகொள்கின்றது. மற்றைய வழி, கணினிக்குள் எட்டிப் பாராது, விளையாடும் முறையை மட்டும் கவனிப்பது. ஒருவன் எத்தனை குறிகளைத் தவறவிட்டான், குறி எவ்வாறு நகர்ந்தது, காண முடியாத எதிரியை நோக்கி எத்தனை தடவை திரும்பினான் என்பன யாவும் நிறுவனத்தின் கணினியிற் பதிவாகின்றன. மனிதக் கை தடுமாறும். தடுமாறாத கை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்.

இவற்றுள் எம்மை மிகவும் கவர்ந்தது வேறொன்று. பிள்ளைகள் பலர், "இரண்டு கிழமையாகப் பாவிக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை" என்று தம்மைத் தேற்றிக்கொள்கின்றனர். ஆனால் 'வாக்' போன்ற காவலாளிகள், பெரும்பாலும் குற்றத்தைக் கண்ட அக்கணமே தண்டிப்பதில்லை. கண்டதைக் குறித்து வைத்துக்கொண்டு, நாட்களோ கிழமைகளோ கழித்து, பலரையும் ஒருங்கே வெளியேற்றுகின்றனர். உடனே தண்டித்தால், எந்தச் செய்கையால் அகப்பட்டோம் என்பதை மென்பொருளை எழுதியவன் அறிந்து, மறுநாளே அதனை மாற்றிவிடுவான் அல்லவா? இதனைக் கேட்டபோது எமக்குச் சிரிப்பு வந்தது. வன்னியில் நாம் கற்பித்த காலத்தில், தவணைப் பரீட்சைகளின்போது நாமும் இதனையே செய்தோம். துண்டு ஒன்று மேசைக்கு மேசை நகர்வதைக் கண்டால் உடனே பாய்ந்து பிடிப்பதில்லை. அது எவரிடம் புறப்பட்டு எவரிடம் போய்ச் சேர்கின்றது என்பதைக் கூரையைப் பார்ப்பது போற் பார்த்துக்கொண்டிருப்போம். எம்மிடம் அகப்பட்டவர்கள் யாவரும், அகப்படுவதற்கு ஒரு நிமிடம் முன்புவரை, சேர் கவனிக்கவில்லை என்றே நம்பியிருந்தனர். ஆகவே இரண்டு கிழமை என்பது எதற்கும் சான்றன்று.

தண்டனையும் சிறிதன்று. 'வாக்' விதிக்கும் தடை நிரந்தரமானது. முறையிட்டு நீக்க இயலாது. அது மாத்திரமன்று, அவ்விளையாட்டுக் கணக்கின் முகப்புப் பக்கத்தில், தடை விதிக்கப்பட்டதும் அதன் பின் எத்தனை நாட்கள் கழிந்தன என்பதும் எவரும் பார்க்கக் கூடியதாக எழுதப்பட்டிருக்கும். எமது நாட்டுப் பாடசாலை விடுகைப் பத்திரத்தில் 'நடத்தை' என்றொரு நிரல் இருந்ததை மூத்தோர் நினைவு கூர்வர். அந்நிரலைத் தெருச்சந்தியில் ஒட்டிவைத்தாற் போன்றது இது. வேறு சில நிறுவனங்கள் கணக்கை மட்டுமன்றிக் கணினியையே தடை செய்கின்றன. தமையன் செய்த வேலைக்கு, அதே கணினியிற் குற்றமின்றி விளையாடிய தங்கையும் வெளியே நிற்க வேண்டியதாகின்றது.

தனியொருவன் அகப்படும்போது உடன் விழுவோர் யார் என்பதற்கு, 2018 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் ஷங்ஹாய் நகரில் நடந்தது தக்க சான்று. அங்கு கவுண்டர் ஸ்ரைக் போட்டியொன்றில், ஒப்டிக் இந்தியா என்ற அணி கலந்துகொண்டது. மேடையிலேயே அவ்வணி வீரர் ஒருவரின் கணினியைப் பார்க்க நடுவர் வந்தபோது, அவ்வீரர் அவசர அவசரமாக எதையோ மறைக்க முயன்றார். கடிதம் எழுதும் 'வேர்ட்' மென்பொருளின் பெயரைச் சூட்டி ஒளித்து வைத்திருந்த ஏமாற்று மென்பொருள் அது. அவருக்கு 5 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. அணியோ போட்டியிலிருந்து நீக்கப்பட்டுக் கலைந்தும் போயிற்று. தம் நாட்டிலிருந்து அந்த மேடை வரை வந்து சேர்ந்திருந்த மற்றைய நால்வரை எண்ணும்போதே எமக்கு நெஞ்சு கனக்கின்றது.

"எங்கள் பிள்ளை சுடும் விளையாட்டுகளைத் தொடுவதில்லை, சதுரங்கம் மட்டுமே" என்று நிம்மதியடையும் பெற்றாருக்கும் ஒரு சொல். 2021 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், கொவிட் நிவாரண நிதிக்காக விசுவநாதன் ஆனந்த் அவர்கள் பிரபலங்கள் பலருடன் இணையவழிச் சதுரங்கம் ஆடினார். ஐந்து முறை உலக வாகை சூடிய அவரை, செரோதா நிறுவனத்தின் இணை நிறுவுநர் நிகில் காமத் வென்றார். வெற்றியின் வியப்பு ஒரு நாளும் நிலைக்கவில்லை. கணினியின் உதவியையும் பிறர் உதவியையும் பெற்றதாக அவரே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரினார். செஸ்.கொம் தளம் அவரது கணக்கை மூடிப் பின்னர் திறந்தது. சதுரங்கத்தில், பக்கத்தில் இருக்கும் கைத்தொலைபேசியைப் பார்த்து நகர்த்துபவனின் கணினியைத் துருவினாலும் எதுவும் கிடைக்காது. அவனுடைய நகர்வுகளே சாட்சி. கணினி தேர்ந்தெடுக்கும் நகர்வுகளோடு அவை எவ்வளவு ஒத்துப்போகின்றன, கடினமான நகர்வுக்கும் இலகுவான நகர்வுக்கும் ஒரே நேரத்தை எடுத்துக்கொள்கின்றானா என்று கணக்கிட்டே கண்டுகொள்கின்றனர். நேற்றுவரை எழுத்துப் பிழையோடு எழுதிய மாணவன், இன்று பண்டிதர் நடையிற் கட்டுரை கொண்டுவந்தால் எமக்கு விளங்காதா?

எனினும், காவலாளி கூறுவதெல்லாம் வேதவாக்கு என்று எடுத்துக்கொள்வதற்கும் நாம் ஆயத்தமாக இல்லை. 2010 ஆம் ஆண்டில் கோல் ஒவ் டியூட்டி விளையாட்டின் ஒரு பதிப்பில், ஏறக்குறைய 12,000 பேர் தவறாகத் தடை செய்யப்பட்டனர். வால்வ் நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கோரி, தடையை நீக்கி, அவர்களுக்கு வேறொரு விளையாட்டை இலவசமாகவும் வழங்கினார். 2023 இல், ஏஎம்டி நிறுவனத்தின் காட்சியட்டைக்கான புதிய மென்பொருள் வசதி ஒன்றைப் பாவித்த குற்றத்துக்காகவே கவுண்டர் ஸ்ரைக் வீரர் சிலர் தடைபட, ஏஎம்டி அம்மென்பொருளை மீளப் பெற்றது. தடைகள் பின்னர் நீக்கப்பட்டன. காரணம் கூறாத கடிதம் ஒன்றினாற் குற்றவாளியாக்கப்படுவது எத்தகையது என்பதை, அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. ஆதலால், பிள்ளைக்குத் தடைக் கடிதம் வந்தவுடன் "நீ செய்திருப்பாய்" என்று தொடங்காது, "என்ன நடந்தது?" என்று தொடங்குமாறு வேண்டுகின்றோம்.

இனி, முன்னர் நிறுத்திய கதைக்கு வருவோம். அக்குடும்பத்தாரின் சம்மதத்துடனேயே இதனை எழுதுகின்றோம்.

அம்மாணவனின் தாயார் முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை செய்பவர். வீட்டில் இருப்பது ஒரேயொரு மடிக்கணினி. இலவசமாக எய்ம்பொட் தருவதாகக் கூறும் காணொளி ஒன்றைப் பையன் பார்த்தான். அதனை நிறுவுவதற்கு முன்னர் வைரசுக் காப்பை நிறுத்திவிடுமாறு காணொளி கூறியது. காவலாளி அதனைத் தவறாகச் சந்தேகிப்பான், அதனால் நிறுத்த வேண்டும் என்ற விளக்கமும் இருந்தது. வீட்டுக்குத் திருடன் வருமுன் நாயைக் கட்டிவைக்கச் சொல்வது போன்ற விளக்கம்! பையன் நிறுத்தினான். ஏமாற்று மென்பொருள் ஒரு மாலை நேரம் வேலை செய்தது. அதனோடு சேர்ந்து உள்ளே வந்த இன்னொன்று, கணினியிற் சேமித்து வைக்கப்பட்டிருந்த கடவுச்சொற்களை எல்லாம் வாரிக்கொண்டு போயிற்று. அடுத்த நாளே தாயாரின் மின்னஞ்சல் வேறொருவர் கைக்கு மாறிவிட்டது.

அம்மின்னஞ்சலில் என்ன இருந்தது என்பதை எம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. சட்டத்தரணி எழுதிய 8 ஆண்டுக் கடிதங்கள் இருந்தன. வதிவிட அட்டைகள் 2024 இறுதியோடு வழக்கொழிந்து மின்விசாவாக மாறிய பின்னர், அக்கணக்கினுட் புகுவதற்கான இலக்கமும் அம்முகவரிக்கே வந்துகொண்டிருந்தது. அதே நாட்களில் வேலையிடத்தில், வேலை செய்யும் உரிமையை உறுதிப்படுத்தும் பகிர்வுக் குறியீட்டைக் கேட்டிருந்தனர். குறியீட்டை எடுக்கத் தாயாரால் இயலவில்லை. கடவுச்சொல்லைத் தாம் மறந்துவிட்டதாகவே எண்ணி, தெரிந்த சொற்களை எல்லாம் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் கைத்தொலைபேசிக் கடை ஒன்றில் 40 பவுண் கொடுத்தும் பயனில்லை. வேலை நேரப் பட்டியலில் இருந்து அவரது பெயர் தற்காலிகமாக எடுக்கப்பட்டது.

காரணம் இன்னதென்று அவ்வீட்டில் ஒருவனுக்குத் தெரியும். அவன் 11 நாட்கள் வாய் திறக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் இரவு, வேலைக்குப் போகாது வீட்டிலிருந்த தாயார் சமையலறையில் அழுவதைக் கண்டபோதே கூறினான்.

எம்மிடம் அவன் வந்து நின்றது ஐந்தாம் நாள். பின்னர் நாம் அவனோடு தனித்துப் பேசியபோது, "நான் கேம் கொம்பனியைக் கேக்கேல்லை சேர், வீட்டை எப்பிடித் தெரியவரும் எண்டுதான் கேட்டனான்" என்றான். நாமோ களவு வெளிப்பட்டே தீரும் என்று முழங்கி அனுப்பியிருந்தோம். ஏழு நாட்கள் முன்னதாகவே முடிந்திருக்க வேண்டிய அத்தாயாரின் அலைச்சலில் எமக்கும் பங்குண்டு.

விளையாட்டு நிறுவனத்தின் தடைக் கடிதம் ஆறு கிழமைகள் கழித்து, பழைய மாணவர்களின் உதவியோடு மீட்டெடுத்த அதே மின்னஞ்சலுக்கு வந்தது. அதற்குள் அவ்வீட்டில் எவருக்கும் அது ஒரு பொருட்டாக இருக்கவில்லை. எந்த அகப்படுதலைக் குறித்து அவன் கவலைப்பட்டிருக்க வேண்டும் என்று நாம் எண்ணினோமோ, அது கடைசியாக வந்து சேர்ந்த சிறிய சங்கதி. 'கண்டுபிடிக்கப்படாதது' என்று விளம்பரஞ் செய்து ஏமாற்று மென்பொருள் விற்போரின் வாக்குறுதி, இன்றைய தினத்துக்கு மட்டுமே உரியது. நாளை அகப்பட்டால் அவர்களுக்கு ஒரு வாடிக்கையாளன் போவான், இன்னொருவன் வருவான். இலவசமாகத் தருவோரோ, அகப்படுதலைப் பற்றிப் பேசவே தேவையற்றவர்கள். அவர்கள் வந்த வேலை வேறு.

இச்சம்பவத்தின் பின்னர் நடைபெற்ற ஆசிரியர் கூட்டத்தில், எல்லாப் பெற்றாரும் பிள்ளைகளின் கணினிகளிற் கண்காணிப்பு மென்பொருளை நிறுவ வேண்டும் என்ற யோசனை முன்வைக்கப்பட்டது. எமது மதிப்புக்குரிய சக ஆசிரியர் சிலர் அதனை வலியுறுத்தினர். அவர்களது அக்கறையில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் நாம் எதிர்த்தே வாக்களித்தோம். சிறு பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு வேண்டும். 13 வயதுப் பிள்ளையிடம் அது செல்லாது. ஒளிப்பதையும் பிடிப்பதையும் பற்றி எம்மிலும் பன்மடங்கு அறிந்தவன் அவன். வீட்டையும் பரீட்சை மண்டபமாக்கினால், அவன் மேலும் திறமையாக ஒளிக்கவே பழகுவான். துண்டு பிடிப்பதில் நாம் கெட்டிக்காரர் என்று ஊரிற் பெயரெடுத்திருந்தோம். அத்தனை ஆண்டுகளில், தானாக வந்தவன் ஒரேயொரு மாணவன். பரீட்சை தொடங்குவதற்கு முன்னர் எம்மிடம் வந்து, சட்டைப் பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்து நீட்டி, "சேர், இதை நீங்கள் வைச்சிருங்கோ, என்னட்டை இருந்தால் பாத்திடுவன்" என்றான். பிடித்தவர்களின் முகங்கள் பல மறந்துவிட்டன. அவன் முகம் மறக்கவில்லை. 2009 இற்குப் பின்னர் அவன் எங்கிருக்கின்றான் என்பது தெரியாது.

தண்டனையே வேண்டாம் என்பது எமது கருத்தன்று. இப்பையனுக்கு மூன்று மாதங்கள் விளையாட்டு இல்லை என்று தாயார் தீர்ப்பளித்தார், நியாயமே. ஆனால் முதல் நாளிலேயே கூறியிருந்தாற் கிடைத்திருக்கக் கூடிய தண்டனை இதைவிடக் குறைவாக இருந்திருக்கும் என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எமது வீடுகளில் அது தெரிவதில்லை. ஒப்புக்கொண்டவனுக்கும் அகப்பட்டவனுக்கும் ஒரே ஏச்சு, ஒரே அடி. போதாக்குறைக்கு, "உனக்காகத்தானே கடல் கடந்து வந்தோம்" என்ற ஒப்பாரி வேறு. கணக்குத் தெரிந்த பிள்ளை ஒளிக்காமல் என்ன செய்வான்? இதனைப் பெற்றார் மீதான குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; எமது வீட்டிலும் இரு பிள்ளைகள் உண்டு, அங்கும் இதே கதைதான்.

ஏமாற்று மென்பொருளைப் பாவிப்பதோடு நில்லாது, தாமே எழுதத் தொடங்கும் பிள்ளைகள் சிலரும் உள்ளனர். 2017 ஆம் ஆண்டில் இந்நாட்டின் தேசியக் குற்றத் தடுப்பு முகவரகம் வெளியிட்ட அறிக்கையொன்று, கணினிக் குற்றங்களில் விழும் இளையோர் சிலரின் பாதை இத்தகைய ஏமாற்றுத் தளங்களிலிருந்தே தொடங்குகின்றது என்று கூறியது. தென்கொரியாவில் 2016 இல் திருத்தப்பட்ட சட்டப்படி, அவற்றை ஆக்கி விநியோகிப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அதேவேளை, அப்பிள்ளைகளிடம் இருப்பது சாதாரணத் திறமையன்று. அத்தகைய பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் எம்மிடம் அனுப்புங்கள். எமது பழைய மாணவர்கள் அவனுக்கு வேறு வேலை கொடுப்பார்கள்.

கண்காணிப்பு யோசனை இரண்டு வாக்குகளாற் தோற்றது. அதற்குப் பதிலாக, வருகின்ற தவணையின் முதலாம் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு, வகுப்புகள் முடிந்த பின்னர், மேல்மாடியில் உள்ள பெரிய வகுப்பறையில் பழைய மாணவர் இருவரும் அமர்ந்திருப்பர். வீட்டுக் கணினியைக் கொண்டுவாருங்கள். எதை நிறுவியிருக்கின்றீர்கள் என்று பார்த்து, துடைக்க வேண்டியதைத் துடைத்து, கடவுச்சொற்களை மாற்றித் தருவார்கள். முதல் அரை மணி நேரம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது. பெற்றார் கீழ் மண்டபத்தில் இருக்க வேண்டும். மேலே நடந்தது என்னவென்று எவரும் கேட்கலாகாது, நாமும் கேட்கமாட்டோம். அன்றைய தேநீருக்கு வடை சுடும் பொறுப்பை அத்தாயாரே ஏற்றிருக்கின்றார். கதிரை அடுக்குவது மகன்.